பெடல் இறுகும் வரை

என் கடை வாசல் சிமெண்டுத் தரையில் வெளுத்துப்போன இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. காரின் முன் சக்கரங்கள் வந்து நிற்கும் இடம் அது. எலுமிச்சம்பழம் நசுங்கி, சாறு ஊறி ஊறி சிமெண்டை அரித்துவிட்டது. கிள்ளானை ஒட்டிய மேருவில், தொழிற்சாலைகளுக்குப் போகும் சாலையோரம் இருக்கிற இந்தக் கடையில் பிரேக் வேலை மட்டும்தான் செய்கிறேன். புதுக் கார் வாங்கினால் கோயிலில் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றுவார்கள். பிரேக் மாற்றியதற்கெல்லாம் யாரும் வைப்பதில்லை. என் அண்ணன் ஒருவர்தான் வைப்பார். "ஓடுறதுக்கு மட்டும் பழம் வைக்கிறீங்க, நிக்கிறதுக்கு வைக்க மாட்டீங்களா?" என்று கேட்பார்.

அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு தன் காரிலேயே ஆள் ஏற்ற ஆரம்பித்தார். காலையில் கிள்ளானிலிருந்து கிளம்பி கோலாலம்பூர், பகலெல்லாம் அங்கே பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி, மாலையில் நெரிசலில் திரும்பி வருவது. நின்று நின்று போகிற ஓட்டம் பிரேக்கைத் தின்றுவிடும். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதை மட்டும் விட முடியவில்லை. சாலையில் எவனோ ஒருவனுடைய வண்டி கீச்சென்று கத்திக்கொண்டு போனாலே வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பேன். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பேட் தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் அது. அப்படியிருக்க, சொந்த அண்ணன் நாள் முழுக்கச் சாலையில் இருந்தால்? பேட் பாதி தேயும் முன்பே மாற்றிவிடுவேன். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், பழசானால் நீண்ட இறக்கத்தில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி அதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவேன். மழை பிடித்துக்கொண்டால் போன் போடுவேன். "டேய், பிரேக்க மிதிக்கிறதா, உன்கூடப் பேசுறதா? வைடா!" என்பார். வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். புது பேட் தடிமனாக இருக்கும். அது உள்ளே உட்கார வேண்டுமென்றால் அதை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிய பிறகு முதல் மிதியில் ஒன்றும் பிடிக்காது, பெடல் தரை வரைக்கும் போய்விடும். வண்டியை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்து, காலுக்கடியில் கல் மாதிரி இறுகிய பிறகுதான் எடுக்க வேண்டும். அன்றைக்குச் சக்கரத்தை மாட்டி, ஜாக்கை இறக்கிவிட்டு, மிதிப்பதற்கு முன்னால் கை கழுவப் போனேன். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். பத்தரைக்கு ராகு காலம். பழங்களை வைத்துவிட்டுச் சட்டென்று உள்ளே ஏறிவிட்டார்.

"அண்ணே, இருங்க! இன்னும் மிதிக்கல!"

"நல்ல நேரம் போயிடும்லா, ஏத்திட்டு வந்துடுறேன்!"

பழம் இரண்டும் பட்டென்று நசுங்கின. கார் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், நடந்து போகிற மாதிரி வாசலைத் தாண்டிப் போய் முன் சக்கரங்களைச் சாக்கடைக்குள் இறக்கிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து அண்ணனுடைய குரல் வந்தது: "டேய் தம்பி, பெடல் எங்கடா போச்சு?" பக்கத்து டயர் கடை அங்கிள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "பழம் பாஸ், பிரேக் பெயில்லா!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் சாக்கடை என்பதால் தப்பித்தார், கோலாலம்பூர் போகிற கூட்டரசு நெடுஞ்சாலையாக இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே ஜாக்கை எடுக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அண்ணன் அதையே ஒரு சடங்காக்கிவிட்டார். பேட் மாற்றி முடித்ததும் உட்கார்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் தலையை ஆட்டி ஆட்டி மிதிப்பார். பிறகு கண்ணாடியை இறக்கி, பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி, "இறுகிடுச்சு. எடுக்கட்டுமா?" என்பார். நான் சரி என்று உடனே சொன்னதே கிடையாது. "இருங்க, நட்ட இன்னொரு தடவ பாத்துடுறேன்." "இருங்க, எண்ணெய் கசியுதான்னு பாத்துடுறேன்." அவரும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில்தான் அவர் உயிர் போனது. நல்ல பகல் வேளை. அழைத்திருந்த பயணி வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார், அண்ணன் திரும்பவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். கார் கோட்டுக்குள் ஒழுங்காக நின்றிருந்தது. கியர் நிறுத்தி வைக்கிற 'பி'யில், கைப்பிரேக் முழுதாக இழுத்தபடி. எல்லாம் முடிந்த பிறகு அந்தக் காரை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு லோரி குறுக்கே வந்தது. மிதித்தேன். நன்றாகப் பிடித்தது. பிரேக் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அன்று எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கார் என் கடையிலேயே நின்றது. அண்ணனுடைய மகள் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்திருக்கிறாள். இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. காலை ஷிப்டுக்கு மேருவிலிருந்து பஸ்ஸையும் ரயிலையும் நம்ப முடியவில்லை. தாமதத்துக்காக எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். "சித்தப்பா, கார் எப்ப ரெடியாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேட் வரவில்லை என்றேன். பிரேக் டிஸ்க்கைக் கடைசல் பிடிக்க வேண்டும் என்றேன். தேயாத பேட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன், பிறகு எண்ணெயை மாற்றினேன், பிறகு ஒன்றும் செய்யாமல் வெறுமனே சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன்.

கடைசியில் அண்ணி போன் செய்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, அவரு பிரேக்கால போகல," என்றார். "புள்ளைய நாளைக்கு அனுப்புறேன்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு எலுமிச்சம்பழங்களோடு வந்தாள். நான்தான் வைத்தேன், அந்த வெளுத்த வட்டங்களின் மேலேயே. அவள் உள்ளே ஏறி, அப்பா பின்னால் தள்ளி வைத்திருந்த இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்குள் எங்கோ கேட்டது. அது வரை அந்த இருக்கையை நான் நகர்த்தியதில்லை. வண்டியை ஓட்டி வந்தபோதுகூட எட்டி எட்டித்தான் மிதித்தேன்.

"பெடல மொதல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சித்தப்பா." மிதித்துக்கொண்டிருந்தாள். தலை ஆடியது. பிறகு கண்ணாடியை இறக்கினாள். "இறுகிடுச்சு. எடுக்கட்டுமா?"

நட்டைப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். கசிவு இல்லை. சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அவள் ஸ்டியரிங்கில் தாளம் போடவில்லை, மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடும்மா," என்றேன்.

பழங்கள் நசுங்கின. முச்சந்தியில் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. கார் நின்றது. விளக்கு அணைந்தது, திரும்பிப் போய்விட்டாள். வானம் கறுத்திருந்தது. போனைக் கையில் எடுத்தேன். ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று பாக்கெட்டிலேயே போட்டுவிட்டேன். முன்பெல்லாம் அண்ணன் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியதும் வாசலில் தண்ணீர் அடித்துவிடுவேன், ஈ மொய்க்கும் என்று. அன்றும் குழாயை இழுத்துக்கொண்டு வந்தேன். வட்டங்களில் சாறு பரவிக்கொண்டிருந்தது. குழாயைத் திறக்காமல், மழை வரும் வரை அங்கேயே நின்றேன்.