கான்ட்ராக்டில் ஓடிய லினக்ஸ்

சிவப்பு ஒயர்த் துண்டில் கோத்த ஒரு பென்டிரைவ். எங்கள் அலுவலகக் கணினிகளைப் பழுதுபார்த்த தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். போன வாரம் காட்டிய லினக்ஸ் அதில் இருக்காது; வேறொன்று இருக்கும்.

என் தேவை சிறியது. மடிக்கணினி பழையது. புதிய விண்டோஸ் அதில் ஏறாது. இருக்கும் விண்டோஸுக்கோ இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. ஆனால் என் பல வருட நாட்குறிப்புகளைத் திறக்கும் பழைய தமிழ் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆகவே அது அசையக் கூடாது. பக்கத்திலேயே, விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் இலவச லினக்ஸ் ஒன்று வேண்டும். லினக்ஸில் பல வகை; எந்த வகை என்பதில்தான் மாதங்கள் போயின. உபுண்டு என்றார். மறுவாரம், உங்கள் மெஷினுக்கு அது கனம், மின்ட்தான் சரி என்றார். அடுத்து டெபியன்.

"ஏன் தம்பி, பொண்ணு பாக்கவா வர்றீங்க? வாராவாரம் பஜ்ஜி சாப்பிடறீங்க, முடிவு மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க."

"பஜ்ஜி நல்லாருக்குதுங்க்கா, அதான் அவசரப்படல."

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியும் கான்ட்ராக்ட்தான். எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவரைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா என்பது. அதனால் அவர் எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லையே போடுவார். செருப்பு அறுந்தால் அதுவும் கான்ட்ராக்ட். ஒரு ஞாயிறன்று மின்ட்டைத் திரையில் காட்டி, "இப்ப கான்ட்ராக்ட்ல ஓடிக்கினு இருக்குதுங்க்கா" என்றபோதும் வழக்கமான புலம்பல் என்றே நினைத்தேன். பென்டிரைவைக் கணினியிலேயே செருகி விட்டுச் சென்றார்.

என் கணவர் சுரங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் அது. பாராட்டு விழாவில் யார் என்ன பேசினார்கள், யார் கண்கலங்கினார்கள் என்று ஒரு வரி விடாமல் அந்த மின்ட்டில் எழுதினேன். சேமித்தேன். அணைத்தேன். மறுநாள் திறந்தால் ஒன்றுமே இல்லை. புதிதாக வந்தவளை வரவேற்பதுபோல் அது என்னை வரவேற்றது.

அடுத்த ஞாயிறு கேட்டேன்.

"நாந்தான் சொன்னேனேங்க்கா, கான்ட்ராக்ட்னு! இன்னும் உள்ள ஏத்தலீங்க. பென்டிரைவ்லேர்ந்தே ஓடுது. ஆஃப் பண்ணிட்டா நீங்க வந்ததே அதுக்குத் தெரியாது."

"போதும் தம்பி. நல்லது எது, அதைவிட நல்லது எதுன்னு பார்த்தது போதும். இன்னிக்கே இதை பர்மனென்ட் பண்ணுங்க!" கத்தியே விட்டேன்.

"இதை ஆபீஸ்ல யாராச்சும் இவ்ளோ சத்தமா சொல்லக் கூடாதாங்க்கா" என்று சிரித்தார். நாட்குறிப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு, விண்டோஸின் இடத்தைச் சுருக்கி, பக்கத்தில் மின்ட்டைக் குடிவைத்தார். இரண்டும் நன்றாக இருக்கின்றன. அந்த விழாக் குறிப்பு மட்டும் திரும்பவில்லை. எத்தனை முறை உட்கார்ந்தாலும் அன்று கேட்ட சொற்கள் அப்படியே வருவதில்லை.

பிறகு அலுவலகத்தில் டெண்டர் மாறியது. புதிதாக எடுத்தவர் தம்முடைய ஆட்களைக் கொண்டுவந்தார். தம்பி வருவது நின்றது. மாலை இல்லை, பேச்சு இல்லை. ஒரு டீகூட இல்லை. அழைத்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. முந்தாநாள் என் மேசைக்கு வந்த புதியவரிடம், முன்பிருந்தவர் எங்கே போனார் என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடி ஆளு இருந்தாராங்க?"

அன்று மாலை நாட்குறிப்பில் தம்பியின் பெயரை முழுதாக எழுதினேன். சேமித்து, கணினியை அணைத்தேன். உடனே மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது.