பற்றரி இறங்கிய வீடுகள்

கார் பற்றரி பார்க்கிறவனை ஒருவரும் சந்தோசமான நேரத்தில் கூப்பிடுவதில்லை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு, சீலை கசங்காமல் ஏறி இருந்து, திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு கார் அடங்கிப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் என் ஆட்கள்தான். பதினெட்டு வருடமாக மோட்டார்சைக்கிளில் ஒரு மீற்றர், ஸ்பனர்கள், பற்றரி முனையில் பிடிக்கிற தூளைக் கழுவக் கொஞ்சம் அப்பச்சோடா, ஒரு போத்தல் சுடுதண்ணீர் இவற்றோடு வீடு வீடாகப் போகிறேன். பற்றரியில் பன்னிரண்டரை வோல்ற், எஞ்சின் ஓடும்போது பதினாலு. இந்த இரண்டும் சரியென்றால் காரில் பெரிய வருத்தம் இல்லை. வீட்டில் இருக்கிற வருத்தம் வேறு.

அரியாலையில் ஒரு இலக்கம்

ரீச்சர் ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார். கணவர் போய் நாலு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் காரை நின்ற இடத்திலேயே ஸ்ராட் பண்ணி வைப்பாராம். "இப்ப இழுக்குது தம்பி, முந்தின மாதிரி உடனை பிடிக்குதில்லை" என்றார். பற்றரியில் பிழையில்லை, சார்ஜும் ஏறுகிறது. அப்படியென்றால் கார் நிற்கும்போது எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது. அதைப் பிடிக்க மைனஸ் வயரைக் கழற்றி, இடையில் மீற்றரைப் போட்டுப் பார்க்கவேண்டும். பார்த்தேன். டிக்கிக்குள் இருக்கிற சின்ன லைற் அணையாமலே எரிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்து வயரைத் திரும்பப் பூட்டி, "இப்ப ஸ்ராட் அடிச்சுப் பாருங்கோ ரீச்சர்" என்றேன்.

எஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது. ரீச்சர் இறங்கவில்லை. முன்னாலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உதிலை பன்னிரண்டு தசம் ஆறு எண்டு நிண்டது" என்றார். வோல்ற் இல்லை, ஓடிய தூரத்தைக் கிலோமீற்றரில் காட்டுகிற இலக்கம். வயரைக் கழற்றியதும் அது பூச்சியமாகியிருந்தது. அவருடைய கணவர் ஒவ்வொரு முறை வெளிக்கிடும்போதும் அதைப் பூச்சியமாக்கிவிட்டுத்தான் ஓடுவாராம். கடைசியாக நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாய்வாக்கும்" என்று சொல்லி, தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போயிருக்கிறார். போன தூரம் அவர் ஓட்டியது. திரும்பி வந்த தூரம் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டியது. அதன்பிறகு கார் அசையவில்லை. நான் கையில் ஸ்பனரோடு நின்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்" என்றேன். ரீச்சர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சொன்னார்:

"விடுங்கோ தம்பி. அது எனக்கு மனப்பாடம். காருக்குத்தான் மறந்துபோச்சு."

நெல்லியடி மாஸ்ரரின் கொப்பி

அந்த நாளுக்குப் பிறகு மைனஸ் வயரில் கைவைக்க முன்னர் நான் வீட்டுக்காரரிடம் கேட்பேன். நெல்லியடியில் கணக்குப் படிப்பித்த மாஸ்ரரிடம் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் தானே மீற்றர் வாங்கி, நாள்தோறும் காலையில் அளந்து, கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிப் பார்த்து, ஒழுக்கு இல்லை என்றும் எழுதியிருந்தார். நான் செய்யவேண்டிய வேலை முழுவதையும் அவரே, என்னைவிடத் துப்புரவாகச் செய்து முடித்திருந்தார். ஆனாலும் பற்றரி இறங்குகிறது. இது மூன்றாவது பற்றரி.

கனடாவில் இருக்கிற மகன் தான் வந்தால் ஓடுவதற்கென்று வாங்கி விட்ட கார் அது. மாஸ்ரருக்கும் மனைவிக்கும் ஓடத் தெரியாது. மகன் வந்து ஆறு வருடம். "காரிலை ஒரு பிழையும் இல்லை மாஸ்ரர். ஓடாமல் நிண்டால் எந்தப் பற்றரியும் இறங்கும். மைனஸைக் கழட்டி விடுங்கோ, மகன் வரேக்கை பூட்டலாம்" என்றேன். மகனும் அந்த நேரம் வீடியோவில் நின்றான். போனைக் கண்ணாடித் துடைப்பானில் சாத்தி வைத்திருந்தார்கள். "அவர் சொல்லுறது சரி அப்பா, கழட்டி விடுங்கோ" என்றான். மாஸ்ரர் ஸ்பனரை எடுத்துவிட்டார். மகனின் அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னார்:

"நீ வாற திகதியைச் சொல்லு மோனை. பிறகு கழட்டுறதைப் பற்றிக் கதைப்பம்."

சுன்னாகத்தில் நான் சொன்ன பொய்

"வான் ஓடவேண்டாம் அண்ணை. அண்டைக்கு ஏன் ஓடேல்லை எண்டு மட்டும் வந்து சொல்லுங்கோ." போனில் இப்படி ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. போனேன். தகப்பனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அது. கூப்பிட்டவருக்கு நாற்பது வயதிருக்கும், வெங்காயத் தோட்டக்காரர். வெங்காயம் ஏற்றுகிற அந்த வானை எப்போதும் ஓட்டியது தகப்பன்தான். ஒரு விடியற்காலை அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. மகன் அவரைத் தூக்கி வானில் கிடத்தித் திறப்பைத் திருப்பினால், லைற் எல்லாம் அணைந்து, வான் செத்த மாதிரிக் கிடந்திருக்கிறது. ஓட்டோ தேடிச் சந்திக்கு ஓடியிருக்கிறார். ஓட்டோ வந்தபோது தகப்பன் இல்லை. அதன்பிறகு அந்த வானை ஒருவரும் தொடவில்லை.

பொனற்றைத் திறந்து மீற்றரை வைத்தேன். பன்னிரண்டரை. ஒரு மாதம் கிடந்த பிறகும் பன்னிரண்டரை. பற்றரி நல்ல பற்றரி. பிளஸ் வயரைப் பற்றரியோடு பிடிக்கிற பூட்டைத் தொட்டேன், அது கையோடு ஆடியது. அடியில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பிடித்திருந்தது. அன்றைக்கு ஸ்பனரால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் வான் ஓடியிருக்கும். மகன் நாலடி தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணை? நான் ஏதும் செய்திருக்கலாமோ?"

"உள்ளுக்கை ஒரு செல் வெடிச்சுப்போச்சு தம்பி" என்றேன். "வெளியிலை பார்த்து ஆருக்கும் தெரியாது. அண்டைக்கு நான் பக்கத்திலை நிண்டிருந்தாலும் ஓடப் பண்ணியிருக்க ஏலாது." அவர் இன்னொரு முறை கேட்டார். நானும் இன்னொரு முறை சொன்னேன். அவர் வெங்காயச் சாக்குகளின் மேல் இருந்து, உடுத்திருந்த சறத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சொன்ன பொய்க்காகப் பற்றரியையும் மாற்றவேண்டியதாயிற்று. பூட்டைத் துடைத்து, சந்திக் கடையில் வாங்கிவந்த புதியதை இறுக்கி, வானை ஸ்ராட் பண்ணிக் காட்டிவிட்டு, ஒரு பிழையும் இல்லாத பற்றரியை மோட்டார்சைக்கிளில் கட்டினேன். வாசல் படலைவரை அவருடைய தாய் வந்தார். திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்:

"அவர் உந்த வயரைத் தட்டித் தட்டித்தான் தம்பி இவ்வளவு நாளும் ஓடினவர். எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதே இருக்கட்டும்."

இத்தனை வருடத்தில் நான் கண்ட முடிவு ஒன்றுதான்: பன்னிரண்டரை வோல்ற்றுக்கு அப்பால் உள்ள எதையும் திருத்த எனக்குத் தெரியாது, ஆனாலும் அதற்கென்றே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.