அலுமாரிக்கு இளம்பச்சை

இந்த வீட்டுக்கு நான் வந்து இரண்டு வருடம். என் கணவரின் காலமான முதல் மனைவி வைத்திருந்த மர அலுமாரியை இதுவரை நான் தொட்டதில்லை. என் சேலைகள் இன்னும் பெட்டியில்தான்.

இன்று காலை அவருடைய மகள் கௌசி, “சித்தி, அந்த அலுமாரிக்குப் பெயின்ட் அடிப்போமா? ஒங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?” என்று கேட்டாள்.

“அம்மாவுக்கு என்ன கலர் புடிக்கும்?” என்றேன்.

“நான் ஒங்களத்தானே கேட்டேன்.”

ருவான்வெல்லை டவுனுக்குப் போய், நான் காட்டிய இளம்பச்சையை வாங்கி வந்தோம். பழைய வார்னிஷை இருவரும் தேய்த்து எடுத்தோம். மூக்கிலெல்லாம் பெயின்ட் ஒட்ட, கௌசி சிரித்துக்கொண்டே அடித்தாள்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து வந்த கணவர், “புதுசு மாதிரியே இருக்கே!” என்றார்.

“ஆமாப்பா” என்றவள், பின்பக்கம் போய்க் குந்தி அழுகிறாள்.

இளம்பச்சையைக் காட்டியது என் தப்பா? அவள் கேட்டபோதே வேண்டாம் என்றிருக்க வேண்டுமா? ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்தில் போய் உட்காரவா, தனியாக விடவா? பிள்ளை வளர்த்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணி என் கையில் ஆறிக்கொண்டிருக்கிறது.