காய்க்காத கால்

செருப்புக் கடையில் அவனுக்குப் ‘புது மாப்பிள்ளை’ என்று பெயர். பட்டம் கொடுத்தவர் கல்லாவில் இருப்பவர்; காரணம், அவன் நடை. தரைக்கு வலிக்குமோ என்று அஞ்சுகிறவன் போல அடியெடுத்து வைப்பான். நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செருப்பு மாட்டிவிடுகிறவனின் காலுக்கு எந்தச் செருப்பும் ஆகாது என்பதைக் கடையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே வாடிக்கையாளர் காலைத்தான் பார்ப்பார்கள்.

அப்பா உடற்பயிற்சி ஆசிரியர். மகனின் உள்ளங்காலில் கொப்புளம் எழும்போதெல்லாம் இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டார். “ஓட ஓடக் காய்ச்சுப் போயிடும்டா.” அவர் சொன்னது தப்பில்லை, வகுப்பில் மற்ற எல்லாக் கால்களும் காய்த்தன. இவனுடையது மட்டும் புண்ணானது. சோம்பேறித்தனம் என்று அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

வாலிபத்தில்தான் ஒரு தோல் மருத்துவர் உண்மையைச் சொன்னார். தோலின் செல்லுக்குள் கெரட்டின் என்ற புரத இழைகள் வலைபோல் ஓடி அதைத் தாங்குகின்றன. உராய்வு வந்தால் நல்ல வலை நெகிழ்ந்து கொடுக்கும். நாளடைவில் தோல் தடிக்கும். இவனுக்கு இழையே பிறவியில் பிழை. தேய்த்தால் வலை குலைந்து உருண்டை உருண்டையாகச் சுருளும்; செல் கிழியும்; கிழிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். “பிள்ளைங்களுக்கு வர்றதுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குப்பா” என்றார். அவன் வராத பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டான். மனைவியிடம், “ரப்பர் ஒத்துக்காது” என்று சொல்லிவைத்தான்.

மகள் நடக்கத் தொடங்கினாள். உள்ளங்கால்களில் கொப்புளம் எழுந்தது. மனைவி நேராகக் கடைக்குப் போய், அவன் வாங்கி வந்த குட்டி ஷூவை முதலாளி முன்னால் வீசினாள். “குழந்தை காலுக்குப் போடற பொருளா இது?” முதலாளி மன்னிப்புக் கேட்டு, அந்த ரகத்தையே அடுக்கிலிருந்து இறக்கச் சொன்னார். குற்றமற்ற ஷூக்களை வாய் திறக்காமல் பெட்டியில் போட்டவன் அவன்தான்.

அந்த வாரம் அப்பா வந்தார். பேத்தியின் காலைத் திருப்பிப் பார்த்தார்.

“இவனுக்கும் இப்படித்தான். மொட்டைமாடியில வெறுங்கால்ல விடும்மா, காய்ச்சுப் போயிடும்.”

“சரிங்க மாமா” என்று மனைவி குழந்தையோடு படியேறினாள். மாடித் தரை சொரசொரப்பான சிமென்ட்.

அவன் ஓடிப்போய் மறித்தான். “வேணாம். காய்க்காது, கிழியும். எனக்கு இருக்கறதுதான் அவளுக்கும்.”

“உங்களுக்கு ரப்பர்தானே ஆகாது?”

“ரப்பர் இல்ல. பிறவிக் கோளாறு. டாக்டர் சொன்னாங்க.”

“எப்போ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி.”

அப்பாவுக்கும் அது புதுச் செய்திதான். ஆனாலும் கீழேயிருந்து குரல் கொடுத்தார்: “அதைச் சொல்லியிருந்தா எவன் பொண்ணு குடுத்திருப்பான்?” வாழ்நாளில் மகனுக்கு ஆதரவாக அவர் பேசியது அது ஒன்றுதான்.

மனைவி படியிலேயே உட்கார்ந்தாள். குழந்தையின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “கொப்புளத்தை என்ன செய்யணும்?” என்று கேட்டாள். சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை ஒற்றியெடுக்க வேண்டும், மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் புண்ணுக்குக் கட்டு என்று அவன் சொன்னான். திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசியது அன்றுதான்.

“சரி. இனி நான் பாத்துக்கறேன்.”

குழந்தையை வாங்க அவன் கை நீட்டினான். அவள் அதை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.