கொமனில் விழுந்த தாலி

லண்டனில் புல் முளைக்கிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் சொந்தக்காரன் ஆர், அதில் தோண்ட ஏலுமா ஏலாதா எண்டு அரண்மனைக்காரருக்குக்கூடத் தெரியாது. மிச்சம் எண்ட பகுதியில் எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கிற சூசைதாசன் அங்கிளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தெரியவந்த கதை சின்னன். வைகாசியில் அவரின்ர மனுசி அருமைநாயகி அன்ரி செத்துப்போனா. அவவின்ர தாலியை அங்கிள் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு திரிந்தார். சேர்ச் ஆக்கள் கொமன் எண்ட பொதுப் புல்வெளியில் கிரிக்கெட் விளையாடின அண்டைக்கு அது புல்லுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் அழவில்லை. கார் பூட் சேல் எண்ட பழைய சாமான் சந்தையில் உலோகம் தேடுற மெஷின் ஒண்டு வாங்கி வந்தார்.

"ஆரும் இல்லாத நேரம் போய்த் தேடுவம் அங்கிள்."

"அகதிக் கேஸ் முடியேல்லை தம்பி. பொலிஸ் பிடிச்சால் ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள்."

ஆகவே அனுமதி கேட்டோம். போனில் இங்கிலீஷ் நான். பக்கத்தில், முகத்தில் ஒண்டும் இல்லாமல், அவர். கவுன்சில் பார்க்கில் ஏலாது. அரச பூங்காக்களில் ஏலவே ஏலாது. தேம்ஸ் கரைக்கு பெர்மிட் வேணும்.

"தாலி தேம்ஸிலயா விழுந்தது?" எண்டு அங்கிளைக் கேட்டேன்.

"கேட்டு வைப்பம்."

கொமனைப் பார்க்கிற ஆக்களும் முதலில் மறுத்தார்கள். அவர் போய்ப்போய் அவையின்ர கந்தோர் வாசலில் பேசாமல் நிண்டார். கடைசியில், ஒரு சனிக்கிழமை காலமை மட்டும், காவலாளி பார்த்துக்கொண்டிருக்க, சின்னக் கரண்டியால் கிண்டலாம் எண்டார்கள்.

ஒரே ஒரு காலமை. வெறுங்கையோடு வந்தால் அவர் என்ன செய்வார் எண்டு எனக்குத் தெரியேல்லை. எங்கட வீடு சைவ சமயம். வெள்ளிக்கிழமை ரூட்டிங் கடைத்தெருவுக்குப் போய், அம்மாவின்ர கழுத்தில் கிடக்கிறமாதிரியே கவரிங்கில் ஒண்டு வாங்கி, கொமனில் புல்லைக் கிளப்பிக் கீழே அமத்திவிட்டேன்.

சனிக்கிழமை முதலில் சோடா மூடிகள் வந்தன. பிறகு மெஷின் நான் அமத்தின இடத்தில் கத்தியது. அங்கிள் குந்தியிருந்து கிண்டி எடுத்தார். பெருவிரலால் மண்ணைத் துடைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"டேய், நாங்கள் வேதக்காரர். அவளின்ர தாலியில புறா. இது பிள்ளையார்."

அதை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தார்.

"கொம்மாவின்ர இல்லைத்தானே?"

"இல்லை. ரூட்டிங்."

அதைச் சட்டைப் பொக்கற்றில் போட்டு பொத்தானைப் பூட்டினார்.

"சரி, தள்ளி நில். நீ நிக்கிற இடம் இன்னும் பாக்கேல்லை."