இடக்கை அரிவாள்

இன்று என் வளைந்த கத்திகளுக்கு எண்ணெய் தடவும்போது, அந்த வாசனையோடு தொண்ணூறுகளில் அடுகோடியில் இருந்த கொல்லன் பட்டறையும் வந்து உட்கார்ந்துகொண்டது. துருத்தி பெருமூச்சுவிட, தமிழும் கன்னடமும் கலந்து அரட்டை ஓடிய அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மாட்டுக்குப் புல்லறுக்கும் அம்மாவுக்கு இடக்கைப் பழக்கம். கடையில் வாங்கும் வலக்கை அரிவாளில் புல் சாயுமே தவிர அறாது. இடக்கைக்கு ஒன்று அடித்துத் தரச் சொன்னால், பட்டறைக்காரரோ பழக்கதோஷத்தில் இரண்டு முறையும் வலக்கைக்கே அடித்துவிட்டார்.

"என்னண்ணா, மறுபடியும் உங்க கைக்கே அடிச்சிட்டீங்க!" என்று அம்மா சிரித்தாள்.

"ஸ்வல்ப இரு தாயி" என்றவர், பழைய அரிவாளை முகக்கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிட்டு, உள்ளே தெரிந்ததைப் பார்த்துப் பார்த்து அடித்தார். புல் சரசரவென்று அறுந்தது!

என் சேகரிப்பைப் பார்க்க வருகிறவர்கள் அம்மாவின் அந்த அரிவாளை மட்டும் எடுத்து, "இது தப்பா வளைஞ்சிருக்கே சார்" என்கிறார்கள்.

"கையை மாத்திப் பிடிங்க" என்கிறேன்.