போலாரத்திலிருந்து ராஜேந்திரநகருக்கு ஒரு கிலோ சோளத்துடன்

ஹைதராபாத் பாலாநகரில் தானிய மாவும் சத்துமாவும் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. ராஜேந்திரநகர் பல்கலைக்கழகம் ஒன்றும் சில உணவு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு மாத உயர்பயிற்சி நடத்துகின்றன. வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் ஆய்வகத்தில் வகுப்பு, மற்ற நாட்கள் நம் தொழிற்சாலையிலேயே செய்முறை. அதன் தேர்வுக்காகச் சென்ற மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினேன். இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் அடுத்த முறை வேறொருவர் பெயரைத்தான் அனுப்புவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். எனக்கு வயது நாற்பத்து நான்கு. விடுவதாக இல்லை.

காலை 7.10க்குப் போலாரத்தில் உள்ளூர் ரயில். செகந்திராபாத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து ஆராம்கர் வழியாகப் போகும் சாதாரணப் பேருந்து. ஆதாரில் தெலங்கானா முகவரி இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அட்டையை மறக்க வேண்டாம். பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பாதி தூரம் நின்றுகொண்டே போனேன், மடியில் வைக்க வேண்டிய பை தோளில் தொங்கியது.

அந்தப் பையில்தான் விஷயம். தேர்வுக்கு நம் தொழிற்சாலைத் தானியம் ஒரு கிலோ கொண்டுபோக வேண்டும். அங்கேயே சோதித்து, அதில் உள்ள சிக்கலைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் கிடங்கு முருகேசனிடம் சோளம் கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். மாவு சீக்கிரம் கசந்துபோவது பற்றிப் பேசத் தயாராக இருந்தேன். ஆராம்கரில் இறங்கி, ஆட்டோவில் ஏறி, சான்றிதழை எடுக்கப் பையைத் திறந்தால், உள்ளே மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம்.

உடனே ஸ்பீக்கரில் போன் போட்டேன். "என்ன முருகேசன் இது, சோளம்தானே கேட்டேன்?"

"சோளந்தாங்க்கா வச்சேன்."

"நான் கேட்டது வெள்ளைச் சோளம்."

"அதத்தான் இங்க எல்லாரும் ஜொன்னலுன்றாங்களே. எங்க ஊர்ல சோளம்னா இதான்க்கா."

அவர் விழுப்புரம், நான் கோவில்பட்டி. எங்கள் கரிசலில் சோளம் என்றால் வெள்ளைச் சோளம், இது மக்காச்சோளம். பத்து வருடம் ஒரே கிடங்கில் வேலை பார்த்து, இருவரும் ஒரே சொல்லை வேறு வேறு தானியத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். கோபத்தில் அவரை நன்றாகத் திட்டினேன்.

'ஜொன்னலு' என்றது காதில் விழுந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "கைக்கு பரேஷான் ஹோரே அம்மா? ஜவார் தோ சாம்னேச் மில்தா," ஏன் கவலை, வெள்ளைச் சோளம் எதிரிலேயே கிடைக்குமே என்று மளிகைக் கடையைக் காட்டினார். ஒரு கிலோ வாங்கி, எங்கள் கம்பெனியுடையது என்று வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சபலம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் தரம் பார்ப்பவள் பொய் மாதிரியோடு தொடங்கினால் விளங்கினாற்போலத்தான். "நக்கோ பாய், சலோ," வேண்டாம், போகலாம் என்றேன். மூன்று கிலோமீட்டர், அறுபது ரூபாய்.

பத்து மணிக்குத் தேர்வு. பேராசிரியை ஒருவரும், ஒரு நிறுவனத்தின் பொறியாளரும் இருந்தார்கள். மாதிரி மாறிய கதையை அப்படியே சொன்னேன். பேராசிரியை சிரித்துவிட்டு, "பர்வாலேதண்டி, இதையே டெஸ்ட் பண்ணுங்க," என்றார். தானியத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் போட்டேன். 15.8 சதவீதம், பதினான்கைத் தாண்டவே கூடாது. பொட்டலத்தில் இருந்த எங்கள் சோதனைச் சீட்டில் 12.9. கீழே என் கையெழுத்து.

பொறியாளர் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் ஈரமானியில் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள்?"

அப்போதுதான் புரிந்தது. எங்கள் கருவியில் ஒவ்வொரு தானியத்துக்கும் தனிப் பொத்தான். ஆங்கில எழுத்து அழிந்துபோனதால் வெள்ளைச் சோளத்தின் பொத்தான்மேல் 'சோளம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியவள் நான். முருகேசன் மக்காச்சோளத்துக்கு அதைத்தான் அழுத்தியிருக்கிறார். கருவி அளவைக் குறைத்துக் காட்டியிருக்கிறது, தானியத்தைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்து நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஈரமான அந்த மூட்டைகள் மதியம் குழந்தைகளுக்கான சத்துமாவுக்கு அரைவைக்குப் போக வேண்டியவை. பூசணம் பிடித்திருந்தால் என்ன ஆகும்?

அறிக்கை எழுத இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வெளியே போய்ப் பேசலாமா என்று கேட்டேன். "போகலாம், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்," என்றார் பொறியாளர். போனேன்.

"முருகேசன், மக்காச்சோளத்தை அரைக்க விடாதீங்க. ஒரு மூட்டைகூடப் போகக் கூடாது."

"ஏன்க்கா, எம்மேல தப்பா?"

"இல்லைய்யா. ஸ்டிக்கர் என்னுது. காலைல திட்டுனதுக்கு மன்னிச்சுக்கோங்க."

மேலாளரிடமும் சொல்லிவிட்டுத் திரும்பியபோது ஏழு நிமிடம் மிச்சம். தயாரித்து வைத்திருந்ததை ஓரங்கட்டிவிட்டு நான்கே வரி எழுதினேன்: தவறு என்ன, யாருடையது, எப்படி நிறுத்தினேன், என்ன கற்க வந்தேன்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் செகந்திராபாத்தில் இருங்கள். நான் 9.40க்குத்தான் வாசலைத் தொட்டேன், அதற்குமேல் தாமதித்திருந்தால் சிரமம். உணவகம் வளாகத்தில் தூரம், கையில் சாப்பாடு இருக்கட்டும். மாதிரியை நீங்களே அள்ளி, நீங்களே கட்டுங்கள். மேலாளரின் ஒப்புதல் கடிதத்தில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. இப்போது எங்கள் ஈரமானியில் இரண்டு பொத்தான்களுக்கும் தானியத்தையே ஒட்டி வைத்திருக்கிறோம், ஒன்றில் வெள்ளை மணி, ஒன்றில் மஞ்சள் மணி. முருகேசனின் யோசனை. பழைய ஸ்டிக்கர் என் பையில் இருக்கிறது. முதல் வகுப்பில் 'உங்கள் தொழிற்சாலையின் சிக்கல் என்ன?' என்று கேட்பார்களாம். அதை எடுத்து மேசையில் வைக்கப்போகிறேன்.